தூக்க வேண்டியவை

கல்யாணமாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டு மருமகள் முடியை உலர்த்திக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் விசில் சத்தம் கேட்டது. குக்கர் விசில் அல்ல. கால்பந்து மைதானத்தில் நடுவர் ஊதுவாரே, அந்த விசில். என்ன ஏதென்று அவள் எட்டிப் பார்ப்பதற்குள், மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அவள் கணவன் ஒரு கையில் தண்ணீர் கேனும் மறு கையில் பூனையுமாக அவளைத் தாண்டிப் போனான். போகிற போக்கில், "ஓடு ஓடு, அப்புறம் சொல்றேன்" என்றான். திருடன்தான் புகுந்துவிட்டான் என்று நினைத்து, அந்தப் புதுப்பெண் தலையில் சுற்றிய துண்டோடு தெருவுக்கு ஓடினாள். தெருவில் யாரும் பதறவில்லை. எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே, "விசிலக்கா வீட்டுல புது ஆளுக்கு இன்னிக்குத்தான் முதல் பாடமா?" என்று விசாரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியாக மாமியார் வெளியே வந்தார். கழுத்தில் விசில். உடம்பில் கம்பெனியில் கொடுத்த ஆரஞ்சு நிற மேல்சட்டை. அறை அறையாகப் பார்த்து முடித்து, கதவைச் சாத்திவிட்டு, நின்றவர்களை விரலால் எண்ணினார். பிறகு கேஸை யார் மூடியது என்று கேட்டார். ஒருவரும் மூடவில்லை. "அப்ப வீடு எரிஞ்சு போச்சு. சரி, உள்ள வாங்க, சாப்பாடு ஆறுது" என்று சொல்லிவிட்டு மருமகள் பக்கம் திரும்பி, இனிமேல் கேஸும் மாத்திரைப் பையும் அவள் பொறுப்பு என்று அறிவித்தார். மற்ற வீடுகளில் மருமகளுக்குச் சாவிக்கொத்து கொடுப்பார்கள். இவளுக்குக் கிடைத்தது கேஸ் வால்வு.

விசிலக்கா என்பது தெரு வைத்த பெயர். குளிர்பானம் அடைக்கிற கம்பெனியில் பெண்கள் வேலை பார்க்கும் லைனுக்கு அவர்தான் தலைமை. பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடுகிற அந்தச் சத்தத்தில் வாயால் பேசிப் பிரயோசனமில்லை. எல்லாம் கைதான். கையை மடக்கி உயர்த்தினால் நிறுத்து. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினால் எத்தனை என்று அர்த்தம். இரண்டு கைகளையும் கீழ்நோக்கி அழுத்தினால் இருந்த இடத்திலேயே இரு. நெஞ்சில் தட்டினால் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே. இந்தப் பாஷையை அவர் வீட்டுக்கும் கொண்டு வந்திருந்தார். மகன் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே எத்தனை இட்லி வேண்டும் என்று கையாலேயே சொல்லிப் பழகியவன்.

கம்பெனியில் தீப்பயிற்சி என்று ஒன்று உண்டு. மணி அடித்தால் சாப்பாட்டுப் பையைக்கூட எடுக்காமல் வெளியே வந்துவிட வேண்டும். அதையும் அவர் வீட்டுக்குக் கொண்டு வந்ததற்குக் காரணம் ஒரு டிவி. இவர்கள் தெரு ஆற்றோரம் பள்ளத்தில் இருக்கிறது. மேலே அணை. அணையைத் திறக்கும்போது ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் இருக்கும் சங்கு நீளமாக ஊதும். ஊதினால் பள்ளத்துச் சனம் எல்லாம் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை ஊதியது. எல்லாரும் பத்திரமாக மேடேறிய பிறகு, மாமனார் புது டிவியை நினைத்துக்கொண்டு திரும்பிப் போனார். பொழுது சாய்கிற நேரத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் டிவியைத் தலையில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். அதுவரை கைக்குழந்தையோடு பள்ளிக்கூட வாசலில் நின்றவர் பட்ட பாடு அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். அந்த டிவி அதன்பிறகு வாயே திறக்கவில்லை. மாமியாரும் பல நாள் வாய் திறக்கவில்லை. திறந்தபோது சட்டத்தோடுதான் திறந்தார்.

சங்கு ஊதினால் யார் எங்கே இருக்கிறார்களோ அங்கிருந்தே மேட்டுக்கு ஏற வேண்டும், வீட்டுக்கு வரக் கூடாது. ஏறியவர் எதற்காகவும் திரும்பிப் போகக் கூடாது. வீட்டில் இருப்பவை இரண்டே ரகம்: நடப்பவை, தூக்க வேண்டியவை. நடப்பவை தாமாக நடக்கும். தூக்க வேண்டியவை பத்திர டப்பா, தண்ணீர் கேன், மாத்திரைப் பை, பூனை. இந்த நான்கில் இல்லாத எதற்கும் உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவர்களில் கடைசி ஆளாக வெளியே வருவது மாமியார். மாமனார் ஒருமுறை வானொலிப் பெட்டியையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று மெதுவாக எடுத்துவிட்டார். அம்மா பார்த்த பார்வையில் அப்பாவுக்கு விக்கல் வந்துவிட்டது என்று மகன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

இந்தக் கூத்தெல்லாம் மருமகளுக்குச் சீக்கிரமே பிடித்துப் போயிற்று. கேஸை மூடி, பையை மாட்டி, வாசலுக்கு வருவதில் மாமனாரை முந்திவிட்டாள். அவளுக்குப் பிடிபடாதது வேறு. மாமியார் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சில நேரம் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சுவார். சில நேரம் பக்கத்தில் போய் நின்று எதையாவது கேட்டால் காற்றுக்குச் சொன்ன மாதிரி போய்விடும், பதிலே வராது. இரண்டாம் முறை கேட்டால், "என்ன?" என்று ஒரு அதட்டல். மருந்துக்கடையில் மாலை ஷிப்ட் வேலை பார்த்தவளுக்கு நாலு விதமான மனிதர்களைச் சமாளித்துப் பழக்கம்தான். ஆனால் மாமியார் ரகம் அந்த நாலில் இல்லை. ஒருநாள் பாலைப் பொங்க விட்டு அடுப்பெல்லாம் கருகிப்போனபோது, பின்கட்டுக் கதவோரம் நின்று, "தப்புதான் அத்தை, இனிமே பாத்துக்கறேன்" என்று மனசார மன்னிப்புக் கேட்டாள். மாமியார் துணி காயப்போட்டுக்கொண்டே இருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு அம்மாவுக்குப் போன் செய்து அழுதாள். முதல் வருஷம் எல்லா மாமியாரும் அப்படித்தான், பொறுத்துப் போ என்றாள் அம்மா. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று வேறு சொன்னாள். பூமி யாருக்கு வேண்டும், ஒரு வார்த்தை போதாதா என்று இவளுக்கு இருந்தது.

உண்மை ஒரு அண்டா வடிவத்தில் வந்தது. பரணிலிருந்து எவர்சில்வர் அண்டாவை இறக்கும்போது கை நழுவி, அது சமையலறைத் தரையில் விழுந்து, உருண்டு, சுவரில் மோதி, நாலு வீடு தள்ளி இருப்பவர்கள்கூட எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இன்றைக்கு நாம் தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தால் மாமியார் முதுகைக் காட்டி நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறார், கை நிற்கவே இல்லை. அவள் மெதுவாக, "அத்தை" என்றாள். சத்தமாக, "அத்தை" என்றாள். பிறகு இத்தனை நாள் தொண்டையில் நின்றது தானாக வெளியே வந்துவிட்டது. "என் மேல அப்படி என்ன கோவம் உங்களுக்கு?"

பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. சமையலறையில் கண்ணாடி எதற்கு, அத்தைக்கு இந்த வயதில் அழகு பார்க்கும் ஆசையா என்று அவள் நினைத்ததுண்டு. தற்செயலாகத் தலை நிமிர்ந்த மாமியார் அந்தக் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். உடனே முகம் மலரத் திரும்பி, "என்னம்மா, பசிக்குதா?" என்றார். அவர் காலடியில் அண்டா கிடந்தது.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், மறைப்பானேன். அத்தைக்கு நம் மேல் கோபம் இல்லை. காதுதான் இல்லை. அன்றைக்குப் பூராவும் தனக்குள் சிரித்துக்கொண்டே திரிந்தாள். பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. குக்கர் விசிலை எண்ணாமல், குண்டு ஆடுவதை ஏன் பார்த்துக்கொண்டே நிற்கிறார். ஏன் எப்போதும் கதவைப் பார்த்து உட்காருகிறார். மின்சாரம் போனால், "இருட்டுல பேசாதீங்க, வாய்க்குள்ள பூச்சி போயிடும்" என்று ஏன் எல்லாரையும் அடக்கிவிடுகிறார். இருட்டில் உதடு தெரியாதே. பாட்டில் சத்தம் இத்தனை வருஷத்தில் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டிருக்கிறது. காது மந்தமானவர்களைக் கம்பெனியில் லைனிலிருந்து எடுத்து, பாட்டில் மூடிகளைத் தரம் பிரிக்கிற அறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கணவன் எப்போதோ சொன்னதும் நினைவுக்கு வந்தது. லைனை ஆண்டவர் மூடி பிரிக்கப் போவாரா? அதனால்தான் மூச்சு விடாமல் இருக்கிறார்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்குக் காது கேட்கவில்லை என்று வந்த வருஷமே ஒரு மருமகள் சொன்னால் அதற்குப் பெயர் அக்கறை அல்ல, கோள். பெற்ற மகனுக்கும் கட்டிய கணவனுக்கும் தெரியாத ஒன்றை நேற்று வந்தவள் கண்டுபிடித்தாள் என்றால் அத்தைக்கு எப்படி இருக்கும். அதனால் அவள் எதிரில் வந்து நின்று, முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசப் பழகினாள். மாமியார் மருமகள் உறவு தேனும் பாலுமாகிவிட்டது. மகனுக்கே ஆச்சரியம்.

ஆனால் ஒரு பயம் அவளை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியை ஆரம்பிப்பது அத்தையின் விசில். நிஜத்தை ஆரம்பிக்கப் போவது சங்கு. அது தூரத்தில், தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் இருக்கிறது. அத்தைக்கு அது கேட்கப் போவதில்லை. எல்லாரையும் வெளியேற்றிவிட்டுக் கடைசியாக வர வேண்டியவர், எல்லாரும் போனதே தெரியாமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். திட்டத்தில் பூனையைத் தூக்க ஆள் உண்டு, அத்தையைக் கூட்டிவர ஆள் இல்லை. அப்படியானால் அந்த ஆள் நான் என்று அவள் தீர்மானித்தாள். சங்கு ஊதினால் கேஸ் பிறகு, பை பிறகு. முதலில் அத்தை. சட்டத்தை மீறுவதாக இருந்தாலும் சரி.

அந்த வருஷம் மழை பிடித்தது. விட்ட பாடில்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டதால், பள்ளி வேன் ஓட்டுகிற மாமனார் வேனை மேட்டில் நிறுத்திவிட்டு, மற்ற டிரைவர்களோடு அதற்குள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். மகன் மேட்டுச் சாலையில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் இருந்தான். மாமியார் காலை ஷிப்ட் முடித்து வந்து, பின்னறையில் சற்றுக் கண்ணயர்ந்தார். மருமகள் குளிக்கப் போனாள்.

அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது மாமியார் எழுந்து டார்ச்சை அழுத்திப் பார்த்தார். எரியவில்லை. மழைக்காலத்தில் டார்ச் எரியாத வீடு ஒரு வீடா? உடனே ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, குளியலறைக் கதவைத் தட்டி, "பேட்டரி வாங்கிட்டு வந்துடறேன் கண்ணு" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். உள்ளே வாளியில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம், குளியலறை ஓட்டின் மேல் மழைச் சத்தம். காது நன்றாகக் கேட்கிறவளுக்கு அத்தை சொன்னது கேட்கவில்லை. பதில் வராததை மாமியாரும் கவனிக்கவில்லை. அவருக்கு எந்தப் பதில்தான் கேட்டது?

குளித்து உடை மாற்றிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. ஊதிக்கொண்டே இருந்தது. அவள் பின்னறைக்கு ஓடினாள். பாய் இருந்தது, அத்தை இல்லை. சமையலறையில் இல்லை. பின்கட்டில் இல்லை. மாடிக்கு ஏறிப் பார்த்தாள். துணிக்கொடியில் ஈரத் துணிதான் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்று வாசலுக்கு வந்தால், அவர்கள் பூட்டிக்கொண்டு பாதித் தெருவைத் தாண்டிவிட்டார்கள். "வாம்மா, வா" என்று கத்திக்கொண்டே போனார்கள். போயிருக்கலாம். போகச் சொல்லித்தான் சட்டம். அத்தை எங்கேயாவது முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால்? அவள் மறுபடி உள்ளே ஓடினாள். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். பயத்தில் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

பின்வாசல் வழியாக யாரோ தடதடவென்று வந்தார்கள். மாமனார். மேட்டிலிருந்து படிக்கட்டு வழியே ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது, ஒரு காலில் செருப்பு இல்லை. பத்திரமான இடத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன். "அவ எங்க?" என்றார். அவள் பதில் சொல்வதற்குள் முன்வாசலில் கணவன் வந்து நின்றான், முழங்கால்வரை நனைந்து. "அம்மா எங்க?" என்றான். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ ஏன் வந்தே, நீங்க ஏன் வந்தீங்க என்று கேட்க நேரமில்லை. வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

தெருவில் இறங்க முடியாத வேகம். மகன் மின்சார மெயின் சுவிட்சை இறக்கினான். மூவரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். பத்திர டப்பா, தண்ணீர் கேன், மாத்திரைப் பை எதையும் யாரும் எடுக்கவில்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமை ஓடிப் பழகியதெல்லாம் போன இடம் தெரியவில்லை. பூனை மட்டும் மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் முன்பே ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டில் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தது அது ஒன்றுதான்.

மருமகள் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். அத்தை அதற்குள்தான் எங்கேயோ இருக்கிறார் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. மாமனார் மழையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போது கணவன் அவள் தோளை இறுகப் பிடித்து, மேட்டுப் பள்ளிக்கூடத்தின் பக்கம் கையை நீட்டினான். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரின் மேல், மழைக்குள், ஓர் ஆரஞ்சுப் புள்ளி நின்றுகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். பேட்டரிக் கடையில் மாமியார் சில்லறைக்காக நின்றபோது, கடைக்காரர், வாங்க வந்தவர்கள், தெருவில் போனவர்கள் எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியதைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம். அதற்கு மேல் அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சட்டப்படி அங்கிருந்தே நேராகச் சாலை வழியாக மேடேறினார். அவர் சாலையில் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் மாமனார் படிக்கட்டில் இறங்கி ஓடியிருக்கிறார். பள்ளிக்கூட வாசலில் நின்று, வருகிறவர்களை எண்ண விரலை நீட்டினார் மாமியார். தெருவே வந்தது. அவர் வீட்டு ஆட்கள் மட்டும் ஒருவரும் வரவில்லை.

இப்போது அவர் சுவர் மேல் நின்று உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். எத்தனை? மகன் மூன்று விரலை உயர்த்தினான். மறுபடி கேட்டார். மறுபடி மூன்று. இன்னும் ஒருமுறை கேட்டார். மருமகளும் மாமனாரும் சேர்ந்து விரல்களை உயர்த்தினார்கள். மழையில் முகம் தெரியவில்லை, ஆனால் அந்த ஆரஞ்சு உருவம் சற்று நேரம் குனிந்து நின்றது. பிறகு நிமிர்ந்து இரண்டு கைகளையும் கீழே அழுத்தியது. இருந்த இடத்திலேயே இருங்கள். அப்புறம் நெஞ்சில் தட்டியது. மருமகள் அப்போதுதான் அழுதாள்.

சொன்னபடி பார்த்துக்கொண்டார். தீயணைப்புப் படையின் படகு வந்தபோது அதன் தலைவர் கையைப் பிடித்து இழுத்துப்போய், எந்த மாடி, எத்தனை பேர், எந்தப் பக்கம் மின்கம்பி தொங்குகிறது என்பதெல்லாம் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். பூனையையும் சேர்த்து நான்கு உருப்படி மேடு வந்து சேர்ந்தன.

வகுப்பறை ஒன்றில் இடம் கொடுத்தார்கள். சின்னப்பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. மாமியார் மூவர் தலையையும் துவட்டினார், யாரிடமோ வாங்கிய சூடான டீயைக் கையில் கொடுத்தார், குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு எதிரில் நின்றார். சங்கு கேட்டதா என்று கேட்டார். கேட்டது என்றார்கள். அப்புறம் எதற்கு வீட்டுக்குப் போனீர்கள்?

மாமனார் கூரையைப் பார்த்தார். குடை எடுக்க என்றார். மகன் பூனைக்காக என்றான். குடை வேன்லயே இருக்கு, பூனை உங்க எல்லாரையும்விடப் புத்திசாலி என்றார் மாமியார். இத்தனை வருஷம் எதற்காகத் தொண்டை கிழியக் கத்தினேன், மூன்று பேரையும் வாரிக்கொடுத்துவிட்டு நான் மட்டும் இந்த விசிலை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே அழுதார். விசிலக்கா அழுது அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

மருமகளுக்கு அதற்கு மேல் மறைக்கத் தோன்றவில்லை. எழுந்து அவர் முகத்துக்கு நேராக நின்று நிதானமாகச் சொன்னாள். "உங்களுக்குச் சங்கு கேக்காதுன்னு எனக்குத் தெரியும் அத்தை. அதான் தேடிட்டிருந்தேன்."

சொன்னவுடன் பயத்தோடு கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயைப் பிளந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உனக்கும் தெரியுமா?" என்றான். மாமனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அடப்பாவிகளா, நான் ஒருத்தன்தான் கட்டிக் காத்துட்டிருக்கேன்னு நெனச்சேனே" என்றார்.

அப்போதுதான் மருமகளுக்கு மற்ற விஷயங்களும் உறைத்தன. மாமனார் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் தரை அதிரக் காலைத் தட்டுவது சேறு உதற அல்ல. கணவன் வந்ததும் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவது சின்ன வயதுக் கெட்ட பழக்கமும் அல்ல. ஒரே வீட்டில், ஒரே ரகசியத்தை, மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருந்தார்கள். அவரே ஒருநாள் சொல்லட்டும் என்று ஒருவர், அம்மா வேலை போய்விடக் கூடாது என்று ஒருவன், கோள் சொன்னதாக ஆகிவிடுமோ என்று ஒருத்தி. சங்கு ஊதினால் அவரை நான்தான் கூட்டி வர வேண்டும் என்று மூவரும் தனித்தனியாக முடிவு செய்திருந்தார்கள்.

மாமியார் ஒவ்வொரு உதடாகப் பார்த்து இதையெல்லாம் படித்துக்கொண்டார். பிறகு மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். காது கேட்காதவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கதவைச் சாத்திய மாதிரி, அதன்பிறகு யாரும் எதுவும் சொல்ல முடியாது. மாமனாரும் மகனும் தவித்தார்கள். மருமகள் பெஞ்சைச் சுற்றிப் போய், சுவருக்கும் அவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் தன்னை நுழைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

மாமியார் குனிந்து அவளைப் பார்த்தார். "நானும் தூக்க வேண்டியதுல சேந்துட்டேன், இல்ல?" என்றார்.

"பள்ளிக்கூட வாட்ச்மேன் சொன்னாரு. எங்களைக் காணோம்னதும் நீங்க தண்ணியில இறங்கப் போனீங்களாம். அவரும் ரெண்டு டிரைவருங்களும் சேந்து இழுத்துப் பிடிச்சாங்களாம். நீங்க மட்டும் சட்டத்தை மீறலாமா அத்தை? நாங்க என்ன, டிவியா?"

மாமியாரின் உதடு துடித்தது. அழப் போகிறார் என்று அவள் நினைத்தாள். சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார். குட்டிய கையை அங்கேயே வைத்துக்கொண்டார். பின்னால் நின்ற இரண்டு ஆண்களும் கூடவே சிரித்தார்கள்.

தண்ணீர் வடிந்து, சேறு அள்ளி, சுவர் காய ரொம்ப நாள் பிடித்தது. அதற்கு நடுவில் மாமனார் அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனார். கருவி ஒன்று வந்தது. கொஞ்சம் கேட்கிறது, ஆனால் ஊர்ச் சத்தம் எல்லாம் உள்ளே வந்து கும்மி அடிக்கிறது என்று பாதி நேரம் கழற்றி வைத்துவிடுகிறார். கம்பெனியில் அவரே போய்ச் சொன்னார். லைனை விட்டு எடுத்தார்கள். அந்த வாரம் அவர் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு புதிதாகச் சேருகிற பெண்களுக்குக் கைப்பாஷை சொல்லித்தர ஆள் இல்லை என்று அவர்களே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

வீடு வீடாக ஆன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மாமியார் எல்லாரையும் கூடத்தில் நிற்க வைத்தார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மகனிடம் கொடுத்தார். சட்டத்தில் ஒரு திருத்தம் என்றார். கடைசி ஆளாக வருவது இனிமேல் மாமனார். தூக்க வேண்டியவை நான்கு அல்ல, ஐந்து. பத்திர டப்பா, தண்ணீர் கேன், மாத்திரைப் பை, பூனை என்று விரல் மடக்கி வந்தவர், கட்டைவிரலில் சற்று நின்றார். பிறகு தன்னையே காட்டினார். "இதுக்குப் பொறுப்பு இவ" என்று மருமகளைக் கைகாட்டினார். "வீட்டுல இருந்தா கையைப் புடிச்சா போதும், நடந்துடுவேன். வெளிய போனா இவ மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் போவேன். மத்த ரெண்டு பேரும் வெளிய இருந்தா நேரா மேட்டுக்குப் போங்க, தேடி வந்தீங்கன்னா தொலைச்சுப்புடுவேன்."

மருமகள் அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, நெஞ்சில் ஒருமுறை தட்டிக் காட்டினாள்.